ஸ்பிட்ஸின் ‘ரீசைக்கிள்’: ஒரு ரசிகரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பிட்ஸ் பாட்டுகளை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் கொஞ்ச நாளில் அதே கேள்விகள் திரும்பி வருகின்றன. பெரும்பாலும் 1999-இல் வந்த ‘ரீசைக்கிள்’ தொகுப்பைச் சுற்றித்தான். பாட்டெல்லாம் பிடித்திருக்கிறது என்பார்கள், அப்புறம் இந்த ஆல்பத்தின் மேல் ரசிகர்களுக்கு ஏன் இப்படி ஒரு மனக்கசப்பு என்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். தகவல் தகவலாகவும், என் கருத்து கருத்தாகவும் தெரியும்படி எழுதியிருக்கிறேன்.

ஸ்பிட்ஸ் என்பது யார்?

நான்கு பேர் கொண்ட ஜப்பானிய இசைக்குழு. 1987-இல் டோக்கியோவில் மாணவர்களாக இருந்தபோது சேர்ந்தார்கள். பாடுவது, பாட்டெழுதுவது, பெரும்பாலும் மெட்டமைப்பது எல்லாம் குசானோ மசமுனே. கிட்டார் மிவா டெட்சுயா, பாஸ் தமுரா அகிஹிரோ, டிரம்ஸ் சாகியாமா தட்சுவோ. 1991 மார்ச் 25 அன்று முதல் சிங்கிளும் (ஓரிரு பாட்டு மட்டும் கொண்ட வெளியீடு) முதல் ஆல்பமும் வெளியாயின. அன்றிலிருந்து இன்றுவரை ஆள் மாறவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அதே நான்கு பேர். ராக் இசைக்குழுக்களில் இது எவ்வளவு அபூர்வம் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘ரீசைக்கிள்’ என்ன மாதிரி ஆல்பம்?

அதுவரை வந்த சிங்கிள்களிலிருந்து 13 பாட்டுகளை எடுத்துத் தொகுத்த ‘பெஸ்ட்’ ஆல்பம். 1999 டிசம்பர் 15 அன்று வெளியானது. இருபது லட்சத்துக்கும் மேல் விற்றது. ஸ்பிட்ஸ் பெயரில் வந்த ஆல்பங்களில் இவ்வளவு விற்றது வேறு எதுவும் இல்லை. ஆனால் அந்த நான்கு பேரும் இதை வெளியிடச் சம்மதிக்கவே இல்லை.

சம்மதிக்காமல் எப்படி வெளிவந்தது?

பாட்டை எழுதியவர் குசானோ, வாசித்தவர்கள் அந்த நால்வர். ஆனால் பதிவு செய்யப்பட்ட ஒலியின் உரிமை ரெக்கார்டு கம்பெனியிடம் இருந்தது. புதிதாக எதையும் பதிவு செய்யச் சொன்னால்தான் இசைக்குழுவின் தயவு வேண்டும். ஏற்கெனவே பதிவானவற்றை வரிசை மாற்றி ஒரு சிடியில் போடக் கம்பெனிக்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.

பெஸ்ட் ஆல்பம் வருவதென்றால் அது நாங்கள் கலையும்போதுதான் என்று இசைக்குழு வெளிப்படையாகவே சொல்லிவந்தது. கம்பெனிக்கும் அது தெரியும். ஆனாலும் வெளியிட்டார்கள். காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1998 கடைசியில் பாலிகிராம் நிறுவனம் உலக அளவில் யுனிவர்சலோடு இணைக்கப்பட்டது. ஸ்பிட்ஸ் இருந்த ரெக்கார்டு கம்பெனியான பாலிடோரும் அதோடு யுனிவர்சல் வீட்டுக்குள் போனது. கைமாறிய கம்பெனி, வருடக் கடைசி, அலமாரியில் சும்மா இருக்கும் தங்கம். முடிவு எந்தப் பக்கம் போகும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

அந்தக் காலத்தில் பெஸ்ட் ஆல்பத்துக்கு ஏன் அவ்வளவு மவுசு?

ஜப்பானில் சிடி விற்பனை உச்சத்தைத் தொட்டது 1998-இல். அதையொட்டிய வருடங்களில் தொகுப்பு ஆல்பம் போட்டவர்கள் எல்லோரும் அள்ளினார்கள். கிளே குழுவின் ‘ரெவ்யூ’ 1997-இல் வந்து ஐம்பது லட்சத்தை நெருங்கியது. பீஸ் இரட்டையரின் ‘ப்ளெஷர்’ 1998-இல் வந்து ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. சதர்ன் ஆல் ஸ்டார்ஸும் அதே வருடம் தொகுப்பு போட்டார்கள். புதுப் பாட்டுக்குச் செலவில்லை, ஸ்டுடியோ வாடகை இல்லை, விற்குமா என்ற சந்தேகமும் இல்லை. அந்தச் சூழலில் ‘ராபின்சன்’, ‘செர்ரி’ என்று தலா பதினாறு லட்சம் விற்ற சிங்கிள்களைக் கையில் வைத்துக்கொண்டு, இசைக்குழு வேண்டாம் என்கிறதே என்று ஒரு கம்பெனி சும்மா இருந்தால்தான் ஆச்சரியம். நடந்தது எனக்குப் புரிகிறது. அதற்காக நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

பெஸ்ட் ஆல்பம் போட்டால் என்ன குறைந்துவிடும்? இசைக்குழு பிடிவாதம் பிடிக்கவில்லையா?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. நான் எப்போதும் இசைக்குழுவின் பக்கம்தான்.

அவர்கள் கேட்போரைக் கஷ்டப்படுத்த நினைக்கவில்லை. அதற்குச் சாட்சி அதே 1999-இல் இருக்கிறது. அந்த வருடம் மார்ச் 25, முதல் ஆல்பம் வந்த அதே தேதியில், ‘கச்சோஃபுகெட்சு’ என்று ஒரு ‘ஸ்பெஷல் ஆல்பம்’ போட்டார்கள். சிங்கிள்களின் மறுபக்கத்தில் மட்டுமே இருந்த பாட்டுகள், பெரிய கம்பெனிக்கு வருவதற்கு முன் சிறிய அளவில் வெளியிட்ட பாட்டு, பஃபி இரட்டையருக்கு எழுதிக்கொடுத்த ‘ஐ நோ ஷிருஷி’யைத் தாங்களே பாடியது, இப்படிச் சிதறிக் கிடந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தார்கள். இதுவும் தொகுப்புதான். ஆனால் தேடிக் கிடைக்காத பாட்டைக் கேட்போர் கையில் கொடுத்தது. ஏற்கெனவே எல்லோர் வீட்டிலும் இருந்த பாட்டை இன்னொரு முறை விற்கவில்லை. தொகுப்பு என்றால் என்னவாக இருக்க வேண்டும் என்பதற்கு அவர்களின் பதில் இது. ஒன்பது மாதம் கழித்துக் கம்பெனி கொடுத்த பதில் ‘ரீசைக்கிள்’.

இன்னொன்றும் உண்டு. உயிரோடு, வேலை செய்துகொண்டிருக்கிற இசைக்குழுவைப் பற்றி ‘இவர்களின் சிறந்தவை இவை’ என்று கோடு கிழிப்பது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் கோட்டை யார் கிழிப்பது, எப்போது கிழிப்பது என்பதில் அவர்களுக்கு ஒரு சொல் இருந்திருக்க வேண்டும்.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2010 நவம்பரில் ஜப்பானியப் பாடகர் உதாதா ஹிகாருவின் சொந்தத் தொகுப்பு வந்த அதே நாளில், அவரது ஆங்கிலப் பாட்டுகளைத் தொகுத்து முன்னாள் அமெரிக்க ரெக்கார்டு கம்பெனி வழியே இன்னொரு ‘பெஸ்ட்’ வந்தது. அது தன் விருப்பத்துக்கு மாறாக வருகிறது என்று அவரே ரசிகர்களிடம் சொன்னார். ஸ்பிட்ஸ் அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை. அவர்கள் சுபாவம் அது.

‘ரீசைக்கிள்’-இல் உள்ள 13 பாட்டுகள் எவை?

வரிசையாகச் சொல்கிறேன்: ‘கிமி கா ஒமோய்தே நி நாரு மாயே நி’, ‘சோரா மோ தொபேரு ஹாசு’, ‘அவோய் குருமா’, ‘ஸ்பைடர்’, ‘ராபின்சன்’, ‘நமிதா கா கிராரி’, ‘செர்ரி’, ‘நாகிசா’, ‘ஸ்கார்லெட்’, ‘யுமே ஜா நாய்’, ‘உன்மெய் நோ ஹிதோ’, ‘சுமேதாய் ஹோஹோ’, ‘கயேதே’.

இதை யாரோ உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்த பட்டியல் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஏழாவது சிங்கிளிலிருந்து பத்தொன்பதாவது சிங்கிள் வரை, வந்த வரிசையிலேயே, ஒன்றுகூட விடாமல் அடுக்கியது. ஏன் ஏழில் தொடங்குகிறது? ஜப்பானில் இசை விற்பனைக்கு அளவுகோல் ஓரிகான் தரவரிசை. அந்தப் பட்டியலில் ஸ்பிட்ஸ் முதன்முதலாக இடம்பிடித்தது 1993 அக்டோபரில் வந்த ஏழாவது சிங்கிளில்தான், 33-ஆவது இடம். அதற்கு முந்தைய ஆறு சிங்கிள்கள் பட்டியலுக்குள் நுழையவில்லை. ஆகவே தொகுப்பிலும் நுழையவில்லை.

என் மனத்தாங்கலின் வேர் இதுதான். இந்த ஆல்பத்தை அமைத்தது காது இல்லை, தரவரிசை.

பாட்டுகள் நன்றாகத்தானே இருக்கின்றன?

நன்றாக என்ன, பிரமாதமாக இருக்கின்றன. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பதின்மூன்றில் ஒன்றைக்கூடத் தாண்டிப்போக மனம் வராது. 1993 முதல் 1998 வரை ஐந்து வருடம் இந்த நான்கு பேருக்கும் கையில் எடுத்ததெல்லாம் பாட்டாகியிருக்கிறது.

உங்களுக்கு அதில் எது உச்சம்?

‘ராபின்சன்’. பலரும் சொல்லும் பதில்தான், ஆனால் பலரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

1995 ஏப்ரல் 5 அன்று வந்தது. தரவரிசையில் நான்காம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. ஆனால் இறங்கவும் மறுத்தது. மாதக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்து பதினாறு லட்சத்தைத் தாண்டியது. பெரிய தொலைக்காட்சி நாடகத்தின் முதுகில் ஏறி வந்த பாட்டு இல்லை. காதிலிருந்து காதுக்குப் போனது. பெயர்கூடத் தற்காலிகமாக வைத்தது. குசானோ தாய்லாந்து போயிருந்தபோது பாங்காக்கில் பார்த்த ராபின்சன் என்ற பல்பொருள் அங்காடியின் பெயரைப் பாட்டுக்கு அடையாளமாக வைத்தார், அதுவே நின்றுவிட்டது.

காதுக்கு அருகில் வைத்துக் கேளுங்கள். முதலில் மிவாவின் கிட்டார். தந்திகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டுகிறார், எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக அடிப்பதில்லை. அந்த மீட்டல் பாட்டு முழுக்கப் பின்னால் ஓடுகிறது. மேலே குசானோ ஆரம்பத்தில் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரி பாடுகிறார். பழைய நாட்கள், சைக்கிள், வழியில் கண்ட ஒரு பூனை என்று சின்னச் சின்ன விஷயங்கள். பல்லவி வரும்போது குரல் திடீரென்று மேலே போய் ‘ரு ரா ரா’ என்று விண்வெளிக் காற்றில் ஏறிக்கொள்கிறது. அந்த இடத்தில் டிரம்ஸ் சத்தத்தைக் கூட்டுவதில்லை என்பதைக் கவனியுங்கள். சாகியாமா அதே நடையில் போகிறார். பாட்டு உயர்வது முழுக்க மெட்டாலும் குரலாலும்தான். இதைவிடச் சிக்கனமாக ஒரு பல்லவியை வானத்துக்கு ஏற்ற முடியாது என்பது என் எண்ணம்.

இரண்டாவது இடம் ‘கயேதே’வுக்கு. 1998-இல் ‘ஸ்பிகா’வோடு சேர்ந்து ஒரே சிங்கிளில் வந்தது. வந்தபோது ‘ராபின்சன்’ அளவுக்கு விற்கவில்லை. இன்று ஸ்பிட்ஸ் என்றால் இதைத்தான் முதலில் சொல்கிறவர்கள் நிறையப் பேர், எத்தனையோ பாடகர்கள் திரும்பப் பாடியிருக்கிறார்கள். பியானோவோடு மெதுவாகத் தொடங்கி, பல்லவியில் விடைபெறும் சொல்லை நேராகச் சொல்லிவிட்டு, உன் குரலைச் சுமந்துகொண்டு நடந்துபோவேன் என்கிறது. அழுகை வரவழைக்க வயலின் கூட்டத்தை இறக்கியிருக்கலாம், இறக்கவில்லை.

‘செர்ரி’ பற்றி ஒரு வரி: அதைப் பிடிக்காதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

‘சோரா மோ தொபேரு ஹாசு’ 1994 பாட்டா, 1996 பாட்டா?

இரண்டும் சரி. 1994 ஏப்ரலில் எட்டாவது சிங்கிளாக வந்து ஓரளவு விற்று அடங்கியது. 1996-இல் ஃபுஜி தொலைக்காட்சி மட்சுமோட்டோ நகரத்துப் பள்ளி மாணவர்களைப் பற்றிய ‘ஹாகுசென் நாகாஷி’ நாடகத்துக்கு இதை எடுத்துக்கொண்டது. இரண்டு வருடப் பழைய பாட்டு முதலிடத்துக்கு ஏறியது. பிறகு ஜப்பானியப் பள்ளிகளில் பட்டமளிப்பு நாளில் பிள்ளைகள் சேர்ந்து பாடும் பாட்டாகவே ஆகிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாட்டு ஒன்றுதான், 1994-இல் இருந்ததும் 1996-இல் இருந்ததும் ஒரே ஒலிப்பதிவு. மாறியது கேட்டவர்களின் எண்ணிக்கை மட்டும். தரவரிசையை வைத்து நல்ல பாட்டைப் பொறுக்குவதில் என்ன கோளாறு என்பதற்கு இந்தத் தொகுப்பின் இரண்டாவது பாட்டே உதாரணமாக நிற்கிறது.

இவையெல்லாம் இனிமையான காதல் பாட்டுகள்தானே?

மெட்டு இனிமைதான். வரிகள் வேறு ஊர். தான் பாட்டெழுதும்போது அடியில் இருக்கும் விஷயங்கள் காமமும் மரணமும் என்று குசானோ ஒரு பேட்டியில் சொன்னது ரசிகர்களிடையே ரொம்பப் பிரபலம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘அவோய் குருமா’வைக் கேளுங்கள். ஒரு நீல நிறக் கார், கடலை நோக்கிப் போகும் இருவர், துள்ளலான கிட்டார். கோடை விடுமுறைப் பாட்டு என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் குளிர்ந்துபோன கை ஒன்று கழுத்தைக் கவ்வுவதோடுதான் அந்தப் பாட்டின் காலை விடிகிறது. சேர்ந்து சாகப் போகும் இருவரின் பயணம் அது என்று பல ரசிகர்கள் படிக்கிறார்கள். இறந்துபோன ஒருத்தியை அழைத்துப் போகிறான் என்றும் படிப்பவர்கள் உண்டு. குசானோ எந்த ஒன்றையும் முடித்து வைக்கவில்லை. ‘ஸ்பைடர்’-இல் நாயகன் உன்னைக் கவர்ந்துகொண்டு எங்கேயாவது ஓடிவிடுகிறேன் என்கிறான். குதிக்க வைக்கும் மெட்டு இல்லாவிட்டால் அந்த ஆள்மேல் நமக்குக் கொஞ்சம் பயமே வரும்.

‘ரீசைக்கிள்’ செய்த பெரிய கெடுதல் இங்கேதான் என்று நினைக்கிறேன். பதின்மூன்று வெற்றிப் பாட்டை வரிசையாகக் கேட்கும்போது இனிமை மட்டும் மேலே மிதக்கிறது. இந்த இருட்டு கண்ணில் படுவதில்லை.

அப்படி என்னதான் விடுபட்டது?

முதல் ஆறு சிங்கிள்கள். ‘ஹிபாரி நோ கொகோரோ’, ‘நட்சு நோ மமோனோ’, ‘மாஜோ தபி நி தேரு’, ‘ஹோஷி நோ ககேரா’, ‘ஹினதா நோ மாடோ நி அகோகரேதே’, ‘ஹதகா நோ மாமா தே’. ஒரு நாவலின் முதல் ஆறு அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு ஏழாவதிலிருந்து படிக்கக் கொடுத்தது போல.

இந்த ஆறையும் வரிசையாகக் கேட்டால் ஒரு இசைக்குழு தன் குரலைத் தேடுவது அப்படியே தெரியும். ‘நட்சு நோ மமோனோ’ வேகமானது, உள்ளுக்குள் இருண்டது. ‘மாஜோ தபி நி தேரு’வில் ஆர்கெஸ்ட்ரா நுழைகிறது. அந்த ஆசை முற்றி 1992 ஏப்ரலில் ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு மினி ஆல்பமே போட்டார்கள். அடுத்து ‘ஹோஷி நோ ககேரா’வில் நேர் எதிர்ப்பக்கம் திரும்பி, கரகரவென்று கனத்த கிட்டார். அந்தக் கிட்டாரைக் கேட்டவருக்கு ஸ்பிட்ஸை மென்மையான குழு என்று சொல்ல வாய் வராது. ஆறாவதான ‘ஹதகா நோ மாமா தே’ இந்த முறையாவது விற்க வேண்டும் என்று முயன்று செய்தது. தயாரிப்பாளராக சாசாஜி மசனோரி வந்தார், பிராஸ் வாத்தியங்கள் வந்தன, குசானோவின் உயர்ந்த குரல் முன்னால் வந்தது. ஆனாலும் விற்கவில்லை. அதற்கு அடுத்ததுதான் ‘கிமி கா ஒமோய்தே’. அந்த ஆறு தோல்வியும் காதில் இருந்தால்தான் ஏழாவது பாட்டில் அவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்பது புரியும்.

பின்பக்கமும் ஒரு வெட்டு உண்டு. இருபதாவது சிங்கிள் ‘நாகரேபோஷி’ 1999 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. டிசம்பரில் வந்த தொகுப்பில் அது இல்லை. ‘ஸ்பிகா’வும் இல்லை. அழகான பாட்டு, இடமும் இருந்தது.

‘ரீசைக்கிள்’ வந்ததால்தான் ‘ஹயாபுசா’ அவ்வளவு கரடுமுரடாக வந்ததா?

அதனால் மட்டும்தான் என்று சொன்னால் கதை ரொம்ப எளிதாகிவிடும். பழைய பாணியிலிருந்து வெளியே வர வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு முன்பே இருந்தது. 1998-இன் ‘ஃபேக் ஃபர்’ ஆல்பத்திலேயே அவர்கள் சாசாஜியின் துணை இல்லாமல் வேலை செய்திருந்தார்கள். ஆனால் தொகுப்பு வந்து ஏழு மாதம் கழித்து, 2000 ஜூலையில் வந்த ‘ஹயாபுசா’வைக் கேட்கும்போது, ‘எங்கள் கதை முடிந்துவிட்டது என்றா நினைத்தீர்கள்’ என்று கேட்கிற தொனி எனக்குக் கேட்கிறது. தயாரிப்பாளர் இஷிதா ஷோகிச்சியோடு சேர்ந்து செய்த ஆல்பம். கிட்டார் முன்னால் வந்து நிற்கிறது, டிரம்ஸ் அறையை நிரப்புகிறது. அதில் ‘8823’ என்று எண்ணாலேயே பெயர் வைத்த பாட்டு இன்றும் மேடையில் கூட்டத்தைக் குதிக்க வைக்கிறது. அது சிங்கிளாக வந்ததே இல்லை. ஆகவே எந்த சிங்கிள் தொகுப்பிலும் அதைப் பார்க்க முடியாது. ‘ரீசைக்கிள்’ கேட்டுப் பிடித்தவர்கள் அடுத்து இதைக் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

‘சைக்கிள் ஹிட்’டும் தொகுப்புதானே? அதை மட்டும் ஏன் ஏற்றுக்கொள்கிறீர்கள்?

ஏனென்றால் அது முழுமையானது, இசைக்குழுவின் ஒப்புதலோடு வந்தது. 2006 மார்ச் 25, அதாவது முதல் சிங்கிள் வந்து சரியாக 15 வருடம் ஆன நாளில், இரண்டு ஆல்பங்கள் ஒன்றாக வந்தன. முதலாவது 1991 முதல் 1997 வரை, இரண்டாவது 1997 முதல் 2005 வரை. தலா 15 பாட்டு. ‘ஹிபாரி நோ கொகோரோ’வில் தொடங்கி ‘ஹாரு நோ உதா’வில் முடிகிறது. விற்றது, விற்காதது என்ற பாகுபாடு இல்லாமல் சிங்கிள்கள் வந்த வரிசையிலேயே நிற்கின்றன. அதோடு ‘ரீசைக்கிள்’ அச்சிடுவதும் நிறுத்தப்பட்டது.

சிறந்தவை எவை என்று இந்த ஆல்பம் தீர்ப்புச் சொல்வதில்லை. நடந்தது இது, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறது. முதல் ஆல்பத்தில் ‘ராபின்சன்’ பதினோராவது பாட்டாக வருகிறது. பத்துப் பாட்டுகளின் தேடலுக்குப் பிறகு அந்தக் கிட்டார் மீட்டல் தொடங்கும்போது ஏற்படும் உணர்வு, அதே பாட்டை ‘ரீசைக்கிள்’-இல் ஐந்தாவதாகக் கேட்கும்போது எனக்கு வருவதில்லை. ஒலிப்பதிவு அதேதான். இடம் மாறினால் பாட்டின் எடையும் மாறுகிறது.

2017-இல் வந்த மூன்றாவது ‘சைக்கிள் ஹிட்’ எப்படி?

குழு தொடங்கி 30 வருடம் ஆனதையொட்டி ஜூலையில் வந்தது, 2006 முதல் 2017 வரை. மூன்று காலத்தையும் சேர்த்து ஒரு பெட்டியாகவும் வந்தது. முதல் இரண்டின் அளவுக்கு இது என்னை இழுக்கவில்லை. பிற்கால ஸ்பிட்ஸ் சிங்கிளைவிட ஆல்பத்தில்தான் நன்றாக மூச்சுவிடுகிறது. ஆனால் இதற்காக எழுதிய புதுப் பாட்டுகளில் ‘1987→’ என்று ஒன்று இருக்கிறது. கல்லூரி நாட்களில் ப்ளூ ஹார்ட்ஸ் குழுவின் பங்க் பாட்டைக் கேட்டு, நாம் செய்ய நினைத்ததை இவர்கள் செய்துவிட்டார்களே என்று குசானோ கொஞ்ச காலம் ஒதுங்கியதுண்டு. அந்தக் கால வேகத்தை ஐம்பதை நெருங்கும் வயதில் திரும்ப வாசித்திருக்கிறார்கள். அந்த ஒரு பாட்டுக்காக இந்த ஆல்பத்தைக் கேட்கலாம்.

‘ரீசைக்கிள்’ கேட்பது இசைக்குழுவுக்குச் செய்யும் துரோகமா?

இல்லவே இல்லை. இருபது லட்சம் பேர் வாங்கினார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்கு ஸ்பிட்ஸின் வாசல் அதுதான். அந்த சிடி வழியாக உள்ளே வந்து இருபத்தைந்து வருடமாக உடன் வருகிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. என் வருத்தம் அதை வெளியிட்டவர்கள் மேல்தான். வாங்கியவர்கள் மேலும் இல்லை, பாட்டுகள் மேலும் இல்லை.

அனிமே வழியாக ஸ்பிட்ஸுக்கு வந்தேன். எதைக் கேட்கலாம்?

‘ஹனி அண்ட் குளோவர்’ பார்த்து வந்தவர் என்றால் உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. அதற்கு மூலமான மங்காவின் (ஜப்பானிய காமிக்ஸ்) பெயரில் பாதி ஸ்பிட்ஸின் 1995 ஆல்பமான ‘ஹச்சிமிட்சு’விலிருந்து வந்தது, மற்ற பாதி பாடகர் சுகா ஷிகாவோவின் ஆல்பத்திலிருந்து. அனிமேயிலும் ஸ்பிட்ஸின் பாட்டுகள் இடையிடையே ஒலிக்கும். ஆகவே நேராக ‘ஹச்சிமிட்சு’ கேளுங்கள். ‘ராபின்சன்’-உம் ‘நமிதா கா கிராரி’யும் அதிலேயே, அவற்றுக்குரிய இடத்தில் இருக்கின்றன. 2023-இன் டிடெக்டிவ் கோனன் படத்தில் ‘உட்சுகுஷீ ஹிரே’ கேட்டு வந்தவர்கள் அதே வருடம் வந்த ‘ஹிமிட்சு ஸ்டூடியோ’விலிருந்து தொடங்கலாம். பின்னோக்கிப் போவதும் நல்ல வழிதான்.

ஜப்பானிய மொழி தெரியாமல் கேட்டால் பாதி போய்விடாதா?

கொஞ்சம் போகும், பாதி போகாது. குசானோவின் வரிகள் ஜப்பானியர்களுக்கே முழுதாகப் பிடிபடுவதில்லை. ஒரே பாட்டுக்கு நாலு விளக்கம் ஓடும். முதலில் மெட்டைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். பிடித்த இரண்டு மூன்று பாட்டுக்கு மட்டும் மொழிபெயர்ப்பைத் தேடி, வரிவரியாக வைத்துக் கேளுங்கள். எல்லாப் பாட்டுக்கும் ஒரேயடியாகப் பொருள் தேடினால் அலுத்துவிடும்.

சரி, கடைசியாக: எந்த வரிசையில் கேட்பது? ‘ரீசைக்கிள்’ சிடி வாங்கலாமா?

முதலில் ‘சைக்கிள் ஹிட் 1991-1997’. அப்புறம் ‘ஹச்சிமிட்சு’. அதற்கு அப்புறம் ‘கயேதே’ உள்ள ‘ஃபேக் ஃபர்’, உடனே ‘ஹயாபுசா’. இந்த நான்கும் கேட்ட பிறகும் ஆசை மிச்சமிருந்தால் 1992-இன் ‘ஹோஷி நோ ககேரா’ ஆல்பத்துக்குப் பின்னோக்கிப் போங்கள். ‘கச்சோஃபுகெட்சு’வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தெரிந்தவருக்குத்தான் அது முழுதாக ருசிக்கும்.

‘ரீசைக்கிள்’ புதிதாக அச்சிடப்படுவதில்லை. ஆனால் அவ்வளவு விற்ற சிடி என்பதால் ஜப்பானில் பழைய சிடிக் கடைகளில் இன்னும் தாராளமாக, மலிவாகவே கிடைக்கும். அங்கே போகும் நண்பரிடம் ஒன்றை வாங்கிவரச் சொல்ல நினைத்தால், அதற்குப் பதிலாக ‘ஹயாபுசா’ வாங்கிவரச் சொல்லுங்கள். பதின்மூன்று பாட்டும் ‘சைக்கிள் ஹிட்’ இரண்டிலுமாகச் சேர்த்து ஏற்கெனவே இருக்கின்றன.